பயாப்சி எடுத்த இடத்தில் சீழ் பிடித்துவிட்டது: ஆபரேஷனும் கீமோவும் எவ்வளவு தள்ளிப்போகலாம்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 56 வயது. சர்க்கரை உண்டு, இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். இடது மார்பில் 3 சென்டிமீட்டர் கட்டி. கோர் பயாப்சி (தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கும் பரிசோதனை) எடுத்த அன்று ராத்திரியே மார்பு வீங்கிக் கறுத்துப்போனது. ஐந்தாம் நாள் காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சீழ். சீழை உறிஞ்சி எடுத்து ஆன்டிபயாடிக் கொடுத்து வருகிறார்கள். இதற்குள் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது: புற்றுநோய்தான், ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இல்லாத வகை). சர்ஜன் "இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்" என்கிறார். கீமோ டாக்டர் "முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன்" என்கிறார். சொந்தக்காரர்களோ "ஊசி குத்தினதுமே பரவ ஆரம்பித்திருக்கும், உடனே எடுத்துவிடுங்கள்" என்று நெருக்குகிறார்கள். எது முதலில் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை. இந்த மூன்று வாரத்தில் நோய் கைமீறிப் போய்விடுமா என்பதுதான்.

நான் புற்றுநோய் அறுவை சிகிச்சைத் துறையில் பல வருடமாக இருப்பவன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதை உங்கள் டாக்டர்களோடு பேசும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சொல்வதற்குப் பதிலாக அல்ல.

நடந்தது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். ராத்திரி வந்த வீக்கமும் கறுப்பும் ரத்தக்கட்டு. கோர் பயாப்சி ஊசி பெரும்பாலும் 14 கேஜ் பருமன். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட நல்ல தடிமன். நான்கைந்து முறை உள்ளே போய் மண்புழு போல மெல்லிய சதைத் துணுக்குகளை எடுத்து வரும். முடிந்ததும் அந்த இடத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஆஸ்பிரினை நிறுத்தாமலேயே இந்த பயாப்சியைச் செய்வது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம்தான், ஏனென்றால் மாரடைப்பைவிட ரத்தக்கட்டு சின்ன விஷயம். கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு மூன்று வாரத்தில் அது தானாகவே கரைந்துவிடும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, ரத்தக்கட்டு மட்டும் இருந்திருந்தால் கீமோவுக்கு ஒருநாள் தாமதம்கூடத் தேவைப்பட்டிருக்காது. உங்கள் விஷயத்தில் அந்தத் தேங்கிய ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டது, கூடவே சர்க்கரையும் இருக்கிறது. காத்திருக்கச் சொல்வது சீழுக்காகத்தான். மார்பில் ஊசி பயாப்சிக்குப் பிறகு சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு ரத்தக்கட்டோ சீழோ வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவராக உங்கள் அம்மா அமைந்துவிட்டார். இதில் யார் தவறு செய்தார்கள் என்று இப்போது தேடி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அடுத்து "ஊசி குத்தியதால் பரவும்" என்ற பேச்சு. இதில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் இது சாகாமல் இருக்கிறது. ஊசி வெளியே வரும் வழியில் சில புற்று செல்கள் ஒட்டிக்கொள்வது உண்டு. ஆபரேஷனில் எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்கள் அதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பயாப்சிக்கும் ஆபரேஷனுக்கும் இடைவெளி கூடக்கூட அப்படி இடம்பெயர்ந்த செல்கள் தென்படுவது குறைகிறது. அதாவது பெரும்பாலானவை அங்கே வாழ முடியாமல் செத்துப்போகின்றன. ஊசி போன வழியில் மறுபடி நோய் முளைப்பது மிக அரிது. சர்ஜன்கள் முடிந்தவரை அந்த ஊசித் தடத்தையும் சேர்த்தே எடுப்பார்கள், அதன் பிறகு ரேடியேஷனும் இருந்தால் அந்த அரிய வாய்ப்பும் சுருங்கிவிடும். ஊசி பயாப்சி செய்துகொண்டவர்களின் ஆயுள் அதனால் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. இது உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம். சந்தேகம் இருப்பது வேறு இடத்தில்: சீழும் அழற்சியும் புற்று செல்களைத் தூண்டிவிடுமா? எலிகளில் செய்த சில சோதனைகள் அப்படி நடக்கலாம் என்கின்றன. மனிதர்களில், அதுவும் இரண்டு வார அழற்சியில், சிகிச்சையை மாற்றும் அளவுக்கு அது நிரூபணமாகவில்லை. இருந்தாலும் சீழைச் சீக்கிரம் அடக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது மூன்று வாரக் கணக்கு. ட்ரிப்பிள் நெகட்டிவ் மற்ற வகைகளைவிட வேகமாக வளரும், அதில் ஒளிவு மறைவு இல்லை. அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து அளந்து பார்த்ததில், இந்தக் கட்டியின் கன அளவு இரட்டிப்பாகச் சராசரியாகச் சுமார் 100 நாள் ஆகிறது. கன அளவு இரட்டிப்பானால் குறுக்களவு கால் பங்குதான் கூடும். 3 சென்டிமீட்டர் கட்டி 100 நாளில் 3.8 ஆகும். அதே வேகத்தில் மூன்று வாரத்தில் கூடுவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். சராசரி என்பதால் இதைவிட வேகமானவையும் உண்டு, மந்தமானவையும் உண்டு. அதுபோக இந்தக் கட்டி நீங்கள் கையில் தடவிப் பார்த்த அன்று முளைத்ததல்ல. வருடக்கணக்கில் உள்ளே இருந்து இந்த அளவுக்கு வந்திருக்கிறது. மூன்று வாரத்தில் திடீரென்று ஸ்டேஜ் மாறிவிடும் என்ற பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்.

அதற்காகத் தாமதத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லமாட்டேன். 2020-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பெரிய கட்டுரை வந்தது. மார்பகப் புற்றுநோயில் ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுகிறது என்றது அது. ஆபரேஷனுக்குப் பிந்தைய கீமோ தள்ளிப்போனாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இந்த 8 சதவீதத்தைக் கேட்டு நூற்றில் எட்டுப் பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நூற்றில் 20 பேரை இழக்கக்கூடிய ஒரு நிலையில் அந்த 20 என்பது ஏறக்குறைய 21.6 ஆகிறது. சின்ன வித்தியாசம், ஆனால் உண்மையான வித்தியாசம். இரண்டு மாதம், மூன்று மாதம் என்று போனால் ஏறிக்கொண்டே போகும். தவிர இந்த ஆய்வுகளில் தாமதமானவர்களில் பலர் வேறு நோய் இருந்தவர்கள், வசதி இல்லாதவர்கள். அந்த 8-இல் எவ்வளவு தாமதத்தால், எவ்வளவு மற்றவற்றால் என்பதை முழுதாகப் பிரிக்க முடியாது. நடைமுறையில் நாங்கள் வைத்துக்கொள்ளும் எல்லை இது: நோய் உறுதியானதிலிருந்து முதல் சிகிச்சை, அது கத்தியோ கீமோவோ, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், எட்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. சர்ஜன் கேட்கும் மூன்று வாரம் அந்த எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. நான் பார்த்தவரை ஆட்களைக் கெடுப்பது இந்த மூன்று வாரம் அல்ல. அது முடிந்த பிறகு "இன்னொரு இடத்தில் கேட்போம்", "ஆடி போகட்டும்", "ஒரு மண்டலம் நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம்" என்று கரையும் மாதங்கள்தான்.

சரி, சீழ் இருக்கும்போதே மார்பை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே நாளில் தீர்ந்துவிடாதா? நியாயமான கேள்விதான். வீங்கிச் சிவந்திருக்கும் சதையில் கட்டி எங்கே முடிகிறது, அழற்சி எங்கே தொடங்குகிறது என்று கையால் பிரித்தறிய முடியாது. தேவைக்கு அதிகமாக எடுக்க நேரும், அல்லது ஓரத்தில் விட்டுவிட நேரும். மார்பை முழுதாக எடுத்தாலும், கிருமி பரவிய தோலை இழுத்துத் தைத்தால் தையல் பிரியலாம், தோலின் ஓரம் கறுத்துச் செத்துப்போகலாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதல். அந்தப் புண் ஆற ஆறு வாரம் எட்டு வாரம் ஆனால், அதுவரை கீமோ கிடையாது. ட்ரிப்பிள் நெகட்டிவில் உயிரைக் காப்பதில் கீமோவின் பங்கு மிகப் பெரியது, ஏனென்றால் ஹார்மோன் மாத்திரையும் ஹெர்-2 ஊசியும் இதற்கு வேலை செய்யாது. ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ 90 நாளைத் தாண்டிப் போனவர்களுக்கு முடிவு மோசமாக இருந்தது என்றும், அந்தப் பாதிப்பு ட்ரிப்பிள் நெகட்டிவில்தான் அதிகம் என்றும் அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இன்று மூன்று வாரத்தை மிச்சப்படுத்தப் போய் பிறகு இரண்டு மாதத்தை இழப்பது புத்திசாலித்தனமல்ல.

கீமோ டாக்டர் சொல்லும் "முதலில் கீமோ" உங்கள் சொந்தக்காரர்களுக்கு வினோதமாகப் படலாம். உள்ளே கட்டியை வைத்துக்கொண்டு மருந்து ஏற்றுவதா என்று. இந்தச் சந்தேகம் மருத்துவ உலகத்துக்கே ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய பி-18 என்ற ஆய்வில் 1500-க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பும் பாதிப் பேருக்குப் பின்பும் அதே கீமோவைக் கொடுத்தார்கள். உயிர் பிழைப்பதில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. முதலில் கீமோ கொடுத்தவர்களில் அதிகம் பேருக்கு மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடிந்தது. இன்று 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ட்ரிப்பிள் நெகட்டிவ் கட்டிக்கு கீமோவை முதலில் கொடுப்பதே வழக்கம். இதில் இன்னொரு லாபம், மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கீமோ முடிந்து ஆபரேஷனில் எடுத்த சதையில் புற்றே இல்லையென்றால் நல்ல அறிகுறி. மிச்சம் இருந்தால் கேப்சிடபின் மாத்திரையைச் சில மாதம் சேர்த்துக் கொடுப்பது பலன் தரும் என்று 2017-இல் ஜப்பான், கொரியா மருத்துவர்கள் காட்டினார்கள். கார்போபிளாட்டின் என்ற மருந்தைச் சேர்ப்பதா என்று உங்கள் டாக்டர் யோசிக்கக்கூடும். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை ஆய்வில் அதன் பலன் 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது, அதனால் 56 வயதில் அது பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

கவனித்தீர்களா, உங்கள் இரண்டு டாக்டர்களும் முரண்படவே இல்லை. ஒருவர் வரிசையைச் சொல்கிறார், இன்னொருவர் நேரத்தைச் சொல்கிறார். இருவரையும் ஒரே நாளில் பார்க்க முடியாவிட்டாலும், ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் காட்டி "இரண்டும் ஒத்துப்போகிறதா" என்று கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சீழ் அடங்கும் முன் ஏன் கீமோ கூடாது என்றால், மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது உள்ளே ஒளிந்திருக்கும் சின்னச் சீழ்கூட ரத்தத்தில் ஏறி உயிருக்கே உலை வைக்கலாம். கூடவே வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடும், சர்க்கரை ஏறினால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகவே எப்போது தொடங்கலாம்? இதற்குத் தேதி குறித்த விதி எதுவும் கிடையாது. டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறும். நான் பார்ப்பது இவற்றை: இரண்டு மூன்று நாளாவது காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், சிவப்பு சுருங்கிக்கொண்டு வர வேண்டும், அல்ட்ராசவுண்டில் மறுபடி சீழ் தேங்கியிருக்கக் கூடாது, வெள்ளணு எண்ணிக்கை சாதாரண அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால், ஊசி போட்ட இடத்தில் சுத்தமான சிவந்த சின்னப் புண் மிச்சமிருந்தாலும் நான் கீமோவுக்குச் சம்மதிப்பேன். தோல் முழுக்க மூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் இந்த நிலைக்கு வந்துவிடும். வெள்ளணுவைத் தூக்கிவிடும் ஊசியை முதல் கீமோவிலிருந்தே சேர்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

சீழை எடுக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் உறிஞ்சுவது, தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்வது, இதுதான் முதல் வழி. கத்தி வைத்துத்தான் திறக்க வேண்டும் என்றால், பிறகு புற்றுநோய் ஆபரேஷனில் எடுக்கப்போகும் தோலுக்குள் அந்த வெட்டு விழ வேண்டும். அவசரத்தில் அருகிலுள்ள கிளினிக்கில் யாரோ கண்ட இடத்தில் திறந்துவிட்டால் பின்னால் எடுக்க வேண்டிய தோல் தேவையில்லாமல் அகன்றுவிடும். அதனால் அந்த வேலையைப் புற்றுநோய் சர்ஜனே செய்யட்டும். எடுத்த சீழைக் கட்டாயம் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் தோலில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ்தான் இருக்கும். மருந்து கொடுத்தும் வாரக்கணக்கில் அடங்காமல் கசிந்துகொண்டே இருந்தால், நம் ஊரில் காசநோய்க் கிருமியையும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற கிருமிகளையும் தேடிப் பார்க்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தரும் இடம் வேறொன்று. சீழால் சிவந்த மார்பும், அழற்சி வகை மார்பகப் புற்றுநோயும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பின்னது மார்புத் தோலின் மூன்றில் ஒரு பங்குக்காவது சிவப்பு பரவி, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகக் குழிந்திருக்கும். அதற்கு ஸ்டேஜும் வேறு, ஆபரேஷன் முறையும் வேறு. பயாப்சிக்கு முன்பு தோல் எப்படி இருந்தது என்பதுதான் இங்கே தீர்மானிக்கும். அப்போது எடுத்த போட்டோவோ டாக்டர் எழுதிய குறிப்போ இருந்தால் பத்திரமாக வையுங்கள். முன்பு தோல் சாதாரணமாக இருந்து ஊசிக்குப் பிறகே சிவந்தது என்றால் அதை வைத்து ஸ்டேஜை ஏற்றக் கூடாது. ஆனால் ஒன்றிரண்டு வாரம் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தும் சிவப்பு குறையவே இல்லையென்றால், தோலில் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இதே குழப்பம் ஸ்கேனிலும் வரும். ரத்தக்கட்டு கட்டியைப் பெரிதாகக் காட்டும். அக்குள் நெறிகள் கிருமியாலேயே வீங்கும். பெட் ஸ்கேனில் சீழும் நெறியும் புற்று போலவே ஒளிரும். ஆகவே அக்குளில் ஒளிர்கிறது என்றதும் பரவிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். நெறியில் ஊசி வைத்துப் பார்த்தால்தான் உறுதி.

இந்த இரண்டு மூன்று வாரத்தைச் சும்மா கழிக்கவும் வேண்டாம். கீமோவுக்கு முன் எப்படியும் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது: நெஞ்சு, வயிறு சி.டி ஸ்கேன், எலும்பு ஸ்கேன், ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை. இதயத்துக்கு எக்கோ மிக முக்கியம். டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்து, அம்மா ஏற்கெனவே ஆஸ்பிரினில் இருப்பவர். பல்லில் சொத்தையோ சீழோ இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள். கட்டி இருக்கும் இடத்தில் ஒரு சின்ன உலோக க்ளிப் வைக்கச் சொல்லுங்கள், கீமோவில் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால் சர்ஜனுக்கு இடம் தெரிய வேண்டுமே. ட்ரிப்பிள் நெகட்டிவ் என்பதால் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை (நோய் பரம்பரையாக வந்ததா என்று பார்ப்பது) பற்றிக் கேளுங்கள், அதன் முடிவு உங்களுக்கும் உங்கள் சகோதரிகளுக்கும்கூடத் தேவைப்படும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை எடுப்பதாக இருந்தால் அதற்கான அனுமதிக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க விரும்பினால் அதற்கும் இதுவே நேரம். அம்மாவை அலைக்கழிக்க வேண்டியதில்லை. லேபில் கேட்டு பயாப்சி ப்ளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத் துணுக்கு) மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்லைடையும் வாங்கி, சென்னை அடையாறு போன்ற புற்றுநோய் மையத்தில் மறுபார்வைக்குக் கொடுக்கலாம். ஆஸ்பிரினை மட்டும் இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. இன்றைக்குச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்குச் சிவப்பு கோட்டைத் தாண்டினால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், தோல் கறுத்தால், நாற்றம் வந்தால், அல்லது அம்மா குழம்பிப் பேசினால், விடியட்டும் என்று இருக்காமல் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

மூன்று வாரம் முடிந்தும் சீழ் அடங்கவில்லை என்றால்? சில கட்டிகளின் நடுப்பகுதி தானாகவே செத்து அழுகி, அதில்தான் கிருமி குடியேறியிருக்கும். அப்படிப்பட்டது எந்த ஆன்டிபயாடிக்குக்கும் முழுதாக அடங்காது. அந்த நிலையில் வரிசையை மாற்றி, மார்பை முதலில் எடுத்து, புண் ஆறியதும் கீமோ தொடங்குவதே சரியாக இருக்கும். இப்போதே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அடுத்த முறை சர்ஜனைப் பார்க்கும்போது "எந்தத் தேதிக்குள் அடங்காவிட்டால் திட்டத்தை மாற்றுவீர்கள்" என்று கேட்டு, அவர் சொல்லும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.